மலையேறும் விளக்குகள்

விளக்கு அணைந்தது என்று சொல்வது நம் இல்லங்களில் வழக்கமன்று. 'விளக்கு மலையேறிற்று' என்றே நம் பாட்டிமார் கூறுவர். அமங்கலச் சொல்லை விலக்க ஏற்பட்ட அவ்வழக்கு, ஜவ்வாது மலையடிவாரத்தில், அமிர்தியை அடுத்த சிற்றூர் ஒன்றில், ஒரு கேலிப்பேச்சாக மாறிவிட்டது. "சங்கத்தில் வாங்கிய பல்பு மூன்றாம் நாளே மலையேறிவிடும், மலைதான் பக்கத்திலேயே இருக்கிறதே!" என்று அங்கத்தினர்கள் பேசிச் சிரித்தனர். கேலி நாளடைவில் கோபமாயிற்று, கோபம் மனுவாயிற்று, மனு என் மேசையை வந்தடைந்தது.

அமிர்தியை அறியாத அங்கத்தினர் சிலர் இருக்கக்கூடும். வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், காடும் ஓடையும் அருவியும் சூழ அமைந்த இடம் அது. 1967-ஆம் ஆண்டு முதல் அங்கு ஒரு சிறு விலங்கினப் பூங்கா இருந்து வருகிறது. அதற்கு மேலே மலைக்குடிகள் சாமை விதைத்தும், புளியும் தேனும் சேகரித்தும் வாழ்கின்றனர். அடிவாரத்திலோ நெல்லும் கரும்பும் வாழையும் விளைவிப்போரும், தறி நெய்வோரும் கலந்து வாழ்கின்றனர். இவ்விரு தொழிலினரையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்த சங்கங்களுள் ஒன்றைப் பற்றியதே இக்கட்டுரை. அதன் பெயரைக் கூறவேண்டிய அவசியமில்லை. அங்கு நேர்ந்தது எங்கும் நேரக்கூடியதே.

மனுவும் குற்றச்சாட்டும்

மனுவின் சாரம் இதுதான்: சங்க விற்பனை நிலையத்தில் விற்கப்படும் எல்.இ.டி. பல்புகள் மட்டமானவை; விற்பனையாளர் கழிவு பெற்றுக்கொண்டு தரமற்ற சரக்கை வாங்கியிருக்கிறார்; பழுதான பல்புகளுக்கு மாற்றாகச் சங்கம் கொடுத்த பல்புகளின் கிரயத்தை அவரிடமிருந்தே வசூலிக்க வேண்டும். கீழே இருபதுக்கு மேற்பட்ட கையொப்பங்கள் இருந்தன. நிர்வாகக் குழுவும் மனம் கலங்கி, விற்பனையாளரின் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்திருந்தது. குற்றம் மெய்ப்படின், 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை நடவடிக்கைக்கும் இடம் உண்டு. இளைஞரான அவ்விற்பனையாளருக்கு மணமாகி ஓராண்டும் நிறைவு பெறவில்லை என்று கேள்விப்பட்டேன்.

மனுவைப் படித்தபோது நானும் அவர்மீதே ஐயம் கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. கணக்குகளைப் பரிசோதிப்பவனுக்கு முதலில் கண்ணிற் படுவது ஆள், பொருள் பின்னரே. எனினும், கல்லூரியில் பயின்ற இயற்பியல் முற்றிலும் மறந்து போகவில்லை. பல்பு அழிவதற்குப் பல்பின் குறையல்லாத காரணங்கள் பல உண்டு என்பதனை அது நினைவூட்டிற்று.

பதிவேடு கூறிய செய்தி

சங்கத்தின் விற்பனைப் பதிவேட்டைப் பார்வையிட்டேன். நல்ல வேளையாக, மாற்றிக் கொடுத்த ஒவ்வொரு பல்புக்கும் அங்கத்தினர் பெயரையும் தேதியையும் அவ்விளைஞர் தவறாது எழுதியிருந்தார். இரண்டு மாதங்களில் 31 பல்புகள் மாற்றப்பட்டிருந்தன. அவற்றுள் 27 பல்புகள் ஒரே தெருவின் பிற்பகுதியைச் சேர்ந்த வீடுகளுக்கே சென்றிருந்தன. ஊரின் ஏனைய தெருக்களில் அதே பெட்டியிலிருந்து வாங்கிய பல்புகள் குறையின்றி எரிந்துகொண்டிருந்தன. சங்க அலுவலகத்திலும் அதே சரக்குத்தான் மாட்டப்பட்டிருந்தது. அங்கும் ஒன்றும் அழியவில்லை.

தேதிகளையும் ஒப்பிட்டேன். மாற்றங்கள் நாள்தோறும் சீராக நிகழவில்லை. சில நாட்களில் ஒருவரும் வரவில்லை. சில நாட்களில் காலையிலேயே நான்கு, ஐந்து பேர் வந்திருந்தனர். அந்நாட்களுக்கு முந்தைய மாலைகளில் மலைக்காற்று பலமாக வீசியதாகப் பலரும் கூறினர்.

சரக்கு மட்டமாயின் எல்லாத் தெருக்களிலும் அழிய வேண்டும். விற்பனையாளர் வஞ்சகராயின் காற்றடிக்கும் நாளைப் பார்த்தா வஞ்சிப்பார்? ஆகவே குற்றவாளியை விற்பனை நிலையத்தில் தேடுவதை விடுத்துத் தெருவிலே தேடுவது என்று முடிவு செய்தேன்.

மூதாட்டி தந்த சான்று

அன்று மாலை தலைவரையும் விற்பனையாளரையும் உடனழைத்துக்கொண்டு அத்தெருவுக்குச் சென்றேன். ஒரு வீட்டார் பல்பு அழிவதாகக் கூறினர். எதிர் வீட்டார், அப்படியொன்றும் இல்லை, ஆனால் விளக்கு மங்குகிறது, இஸ்திரிப் பெட்டி சூடேறுவதில்லை என்று முறையிட்டனர். இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்றே ஊரார் எண்ணியிருந்தனர்.

தெருக்கோடியில் ஒற்றை விளக்குடன் வாழும் மூதாட்டி ஒருவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவரிடம் வினவியபோது அவர் கூறிய சொற்களை அவ்வாறே தருகிறேன்: "எதிரூட்ல இஸ்திரிப் பொட்டி போட்டாக்கா எங்கூட்டு வெளக்கு கண்ணக் கூசுது ஐயா. அவங்க நிறுத்திட்டா சரியாப் பூடுது."

அன்றைய விசாரணையில் இதனினும் மேலான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு வீட்டில் அதிக மின்சாரம் இழுக்கும் கருவியை இயக்கும்போது மற்றொரு வீட்டு விளக்கு மங்கினால், அது குறைந்த மின்னழுத்தம். எங்கும் காணும் குறை. மங்காமல் அதிகமாக ஒளிர்ந்தால், நியூட்ரல் கம்பியின் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். இது வெறும் பல்புக் குறையன்று. உயிருக்கே அபாயம் விளைவிக்கும் குறை.

நியூட்ரல் கம்பியின் பணி

மின்மாற்றியிலிருந்து தெருவுக்கு வரும் கம்பிகளில் மூன்று, மின்முனைக் கம்பிகள், நான்காவது, நியூட்ரல். எந்த முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 240 வோல்ட் இருக்கும். இரண்டு முனைகளுக்கிடையே 415 வோல்ட் இருக்கும். வீடுகளை மூன்று முனைகளுக்கும் பங்கிட்டு இணைத்திருப்பார்கள். எல்லா வீடுகளுக்கும் பொதுவாக நின்று, ஒவ்வொரு வீட்டுக்கும் அதற்குரிய 240 வோல்ட்டை உறுதி செய்வது நியூட்ரலே.

நியாயவிலைக் கடைத் தராசை எண்ணிப் பாருங்கள். முள்ளை நடுவில் பிடித்து நிறுத்தியிருக்கும் வரை இரு தட்டுகளும் சமமாக நிற்கும். பிடியை விட்டால், பாரமுள்ள தட்டு தாழும். பாரமில்லாத தட்டு உயரும். நியூட்ரல் விட்டுப்போன தெருவிலும் இதுவே நிகழ்கிறது. அதிக மின்சாரம் செலவிடும் வீட்டில் மின்னழுத்தம் தாழ்கிறது. ஒற்றை விளக்கு எரியும் வீட்டில் உயர்கிறது.

எவ்வளவு உயரும் என்பதற்கு ஒரு கணக்கு. இரு வேறு முனைகளில் இணைந்த இரண்டு வீடுகளை மட்டும் கொள்வோம். ஒன்றில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி. மற்றொன்றில் 100 வாட் அளவுக்கு விளக்குகள். நியூட்ரல் விட்டுப்போனால் இவ்விரண்டும் 415 வோல்ட்டுக்கிடையே வரிசையாக நின்றுவிடும். 1000 வாட் கருவியின் மின்தடை ஏறக்குறைய 58 ஓம். 100 வாட் விளக்குகளின் மின்தடை 576 ஓம். தடைக்கேற்ப மின்னழுத்தம் பங்கிடப்படும். இஸ்திரிப் பெட்டிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 38 வோல்ட். விளக்குகளுக்குக் கிடைப்பது 377 வோல்ட்! 240 வோல்ட்டுக்கு அமைந்த பல்பு அதனை எவ்வாறு தாங்கும்? சிக்கனமாக வாழும் ஏழை வீட்டுக்கே அதிக நஷ்டம் நேர்வது இக்குறையின் கொடுமை.

மறுநாள் சங்கத்தின் பேரில் எழுத்து மூலம் தெரிவித்தோம். மின் பணியாளர்கள் வந்து, முறைப்படி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தெருவின் நடுவேயுள்ள கம்பத்தில் ஏறிப் பார்த்தனர். நியூட்ரல் அலுமினியக் கம்பியின் இணைப்பு தளர்ந்து, வெண்மையான பொடி படிந்து கிடந்தது. காற்று வீசும்போது கம்பி அசைந்து இணைப்பு விட்டுவிட்டுத் தொட்டிருக்கிறது. அக்கம்பத்துக்கு அப்பாற்பட்ட வீடுகளே பாதிக்கப்பட்டவை. பதிவேட்டில் நான் கோடிட்ட வீடுகளும் அவையே. இணைப்பைச் சுத்தம் செய்து புதுப்பித்த பிறகு பல்புகள் மலையேறுவது நின்றது.

இதற்கிடையில் வேறொன்றும் வெளிப்பட்டது. அத்தெருவில் ஒரு வீட்டில், மாவரைக்கும் கிரைண்டரைத் தொட்டால் கை 'ஜிவ்'வென்று இழுப்பதாக அவ்வீட்டுப் பெண்மணி கூறினார். வயரிங் செய்தவர், எர்த் குழி தோண்டும் செலவை மிச்சப்படுத்த எண்ணி, எர்த் கம்பியை நியூட்ரலுடன் இணைத்துவிட்டிருந்தார். வெளியே நியூட்ரல் விட்டுப்போனதும் அவ்விணைப்பின் வழியாகக் கிரைண்டரின் உடலுக்கே மின்சாரம் ஏறியது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று அரைக்கும் கருவி அது. அதிர்ச்சியோடு போயிற்று, அதற்கு மேல் ஒன்றும் நேரவில்லை. பல்புகளைப் பற்றிய மனு வராதிருப்பின், வேறு துக்கச் செய்தியே வந்திருக்கக்கூடும்.

ஒரு விளக்கா, ஒரு வீடா, ஒரு தெருவா?

பல்பு அடிக்கடி அழிகிறதென்றால், வேறெதுவும் செய்யுமுன் அங்கத்தினர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே. விடைக்கேற்பக் காரணமும் மாறுபடும்.

ஒரே இடத்து விளக்கு மட்டும் அழியுமாயின், குறை அவ்விடத்திலேயே உள்ளது. ஹோல்டரின் உள்ளே உள்ள இரு முட்களும் வில் வலுவிழந்து பல்பைச் சரியாகத் தொடாமலிருக்கலாம். தொட்டும் தொடாமலும் நிற்கும் இணைப்பில் தீப்பொறி எழும், சூடேறும், பல்பின் அடிப்பகுதி கருகும். எடுத்த பல்பின் ஈய முனைகளில் குழியோ கரியோ காணப்படின் ஹோல்டரை மாற்றுவதே வழி. புதுப் பல்பு மாட்டுவது வீண். ஸ்விட்சைப் போடும்போது 'சரசர' என்ற ஓசையோ பொறியோ இருப்பின் ஸ்விட்சும் மாற்றத்தக்கது. மூடிய கண்ணாடிக் கூட்டினுள் மாட்டிய எல்.இ.டி. பல்பு வெப்பத்தாலேயே அழியும்.

ஒரு வீட்டில் மட்டும் எல்லா விளக்குகளும் மாறி மாறி அழியுமாயின், மீட்டர்ப் பலகை, மெயின் ஸ்விட்ச், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் கம்பி ஆகியவற்றைச் சோதிக்கச் செய்ய வேண்டும். முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டிய இணைப்புகளும், செம்புக் கம்பியையும் அலுமினியக் கம்பியையும் நேராக முறுக்கிய இணைப்புகளும் காலப்போக்கில் தளர்ந்து சூடேறும். மின்மாற்றிக்கு மிக அருகில் உள்ள வீடாயின், பின்னிரவில் மின்னழுத்தம் உயர்வதும் காரணமாகலாம். தறிகளும் மோட்டார்களும் ஓய்ந்த பிறகு கம்பியில் பாரம் குறைகிறது; மின்னழுத்தம் ஏறுகிறது. இரவு முழுவதும் எரியும் வாசல் விளக்கே முதலில் அழிவது இதனால்தான். மாலை 7 மணி, இரவு 11 மணி, விடியற்காலை 5 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து எழுதி வைத்தால் உண்மை விளங்கும். 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகள் வீட்டு மின்சாரத்தில் 6 விழுக்காடு ஏற்றத் தாழ்வுக்கு இடம் தந்தன. 240 வோல்ட்டுக்கு அவ்வளவு என்பது, ஏறக்குறைய 226 முதல் 254 வரை. அதற்கு மேல் தொடர்ந்து இருப்பின் முறையிட வேண்டும்.

பல வீடுகளில் ஒரே காலத்தில் அழியுமாயின், அல்லது ஒரு வீட்டில் மங்கும்போது மற்றொரு வீட்டில் ஒளி கூடுமாயின், அது கம்பத்திலோ மின்மாற்றியிலோ உள்ள குறை. பிளக்கின் இரு துளைகளிலும் டெஸ்டர் ஒளிர்வது இதற்கு மற்றோர் அடையாளம். அந்நிலையில் உடனே மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு, அண்டை வீட்டாரையும் நிறுத்தச் சொல்லுங்கள். 'நியூட்ரல்தானே, தொட்டால் ஒன்றும் செய்யாது' என்ற எண்ணம் அப்பொழுது உயிரைக் கொள்ளும். கம்பத்தில் ஏறுவது நம் வேலையன்று. மின்வாரியப் பணியாளருக்குத் தெரிவிப்பதே நம் வேலை. 2021-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'மின்னகம்' சேவைக்கு 94987 94987 என்ற எண்ணில் எந்நேரமும் தெரிவிக்கலாம்.

பல்பின் ஆயுள்

பழைய குண்டு பல்பினுள் இருப்பது டங்ஸ்டன் இழை. உலோகங்களில் மிக உயர்ந்த வெப்பத்தில், அதாவது 3422 டிகிரி செல்சியஸில் உருகுவது அது. எனினும் அதிக மின்னழுத்தத்தில் இழை விரைவில் ஆவியாகித் தேய்கிறது. மின்னழுத்தம் 5 விழுக்காடு கூடினால் பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். 10 விழுக்காடு கூடினால் கால் பங்காகும். குளிர்ந்த இழையின் மின்தடை, எரியும்போது உள்ளதில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலால் ஸ்விட்ச் போட்ட அக்கணமே பெருமளவு மின்சாரம் பாய்கிறது. நலிந்த இழை அப்பொழுதே அறுகிறது. மாலையில் விளக்குப் போடும்போது பல்பு 'படீர்' என்று போவதன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லிவர்மோர் என்னும் நகரத்துத் தீயணைப்பு நிலையத்தில், 1901-ஆம் ஆண்டு முதல் ஒரு பல்பு எரிந்து வருகிறது. மங்கலான ஒளியுடன், பெரும்பாலும் நிறுத்தப்படாமலே எரிவதனால் அது நீண்ட ஆயுள் பெற்றது. இதற்கு நேர்மாறாக, உலகின் பெரிய பல்பு உற்பத்தியாளர்கள் 1924-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடி, 'ஃபீபஸ்' என்ற பெயரில் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். பல்பின் ஆயுளை 1000 மணிக்கு மேல் போகாதபடி வரையறுத்தது அவ்வுடன்பாடு. அதிக நாள் எரியும் பல்பை உற்பத்தி செய்தவர்க்கு அபராதமும் விதித்தது. இலாபம் ஒன்றே குறிக்கோளாகக் கூடுவதற்கும், கூட்டுறவு முறையில் கூடுவதற்கும் உள்ள வேற்றுமையை நம் அங்கத்தினர்கள் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இன்று நம் வீடுகளில் எரிபவை பெரும்பாலும் எல்.இ.டி. பல்புகள். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த ஜப்பானிய அறிவியலாளர் அகசாகி, அமானோ ஆகியோருக்கும், ஜப்பானில் பிறந்த நாகமுராவுக்கும் 2014-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் இந்திய அரசு தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் மூலம் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் விநியோகிக்கப்பட்டன. 60 வாட் குண்டு பல்பு நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் மாதம் 9 யூனிட் செலவாகும். அதே அளவு ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 1.35 யூனிட்டே செலவு.

ஆனால் எல்.இ.டி. பல்பின் பலவீனம் வேறு. ஒளிதரும் சில்லுகள் நெடுநாள் உழைக்கும். அவற்றுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் சிறு மின்னணுச் சுற்று பல்பின் அடியில் இருக்கிறது. அதிலுள்ள மின்தேக்கி வெப்பத்தையும் திடீர் மின்னழுத்த ஏற்றத்தையும் தாங்குவதில்லை. வெப்பம் 10 டிகிரி கூடுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. தகரக் கூரையை ஒட்டியும், அடுப்புக்கு நேர் மேலேயும் மாட்டிய பல்புகள் விரைவில் அழிவது இதனாலேயே. ஸ்விட்சை நிறுத்திய பின்னும் எல்.இ.டி. மங்கலாக ஒளிருமாயின், ஸ்விட்ச் மின்முனையில் அல்லாமல் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கக்கூடும். அத்தகைய வீட்டில், விளக்கு நின்றிருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

நெசவாளர் கவனத்திற்கு

தறிவீட்டு விளக்கைத் தறிக் கட்டையிலோ அதனைத் தாங்கும் தூணிலோ கட்டுதல் கூடாது. பலகை அடிக்குந்தோறும் ஏற்படும் அதிர்ச்சி குண்டு பல்பின் இழையை அறுக்கும்; ஹோல்டரின் திருகாணிகளைத் தளர்த்தும். உத்தரத்திலிருந்து தனியே தொங்கவிடுவதே நலம். தொங்கும் கம்பியின் பாரம் திருகாணியில் விழாதபடி, ஹோல்டர் மூடியினுள் ஒரு முடிச்சிட வேண்டும். பஞ்சுத் தூசு ஹோல்டரிலும் ஸ்விட்சிலும் படிந்து ஈரம் ஈர்க்கும். பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வாரம் ஒரு முறை மெயினை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தல் போதும். கைத்தறி நெசவாளர்க்கான கட்டணமில்லா மின்சாரம் 2023-ஆம் ஆண்டில் இரு மாதங்களுக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. மின்சாரம் இலவசமாயினும், அழியும் பல்பும் நின்றுபோகும் தறியும் இலவசமல்ல. இரவில் பாவு இழை கண்ணுக்குத் தெரியாமல் ஒரு முழம் பிழைபடின், அந்தச் சேலையின் கூலியே குறையும்.

விவசாயிகள் கவனத்திற்கு

மோட்டார்க் கொட்டகையில் விளக்கெரிக்க, மின்முனையில் ஒரு கம்பியும் தண்ணீர்க் குழாயிலோ எர்த்திலோ ஒரு கம்பியுமாக இணைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இது கொடிய அபாயம். மலையடிவாரத்துப் பாறை நிலம் கோடையில் காய்ந்து மின்சாரத்தை எளிதில் ஏற்பதில்லை. அப்பொழுது விளக்கு மங்கும். குழாயோ முழுவதும் மின்சாரம் ஏறி நிற்கும். குழாயில் வாய் வைத்து நீர் குடிக்கும் கன்றும், கை வைக்கும் பிள்ளையும் அதனை அறியா. விளக்குக்கு நியூட்ரல் கம்பியே வேண்டும். எர்த் அதற்கு ஈடாகாது. எர்த்தை எர்த்தாகவே வைத்துக்கொள்ள வேண்டும். கற்பாங்கான நிலத்தில் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு, கோடையில் நீரூற்றி ஈரம் காக்க வேண்டும்.

மலையோரங்களில் இடிமழைக் காலத்தில், தொலைவில் விழும் மின்னலும் கம்பி வழியே வீட்டுக்குள் புகும். இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்குகளைக் கழற்றி வைத்தல் எளிய காப்பு.

வீட்டில் வைக்கத்தக்க காப்புகள்

எம்.சி.பி. என்னும் ஸ்விட்ச், மின்னோட்டம் மிகுந்தால் துண்டிக்கும்; மின்னழுத்தம் மிகுந்தால் அது காக்காது. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உயிரைக் காக்கும், பல்பைக் காக்காது. மின்னழுத்தம் வரம்பு மீறினால் தானே துண்டிக்கும் கருவியே பல்பையும் ஏனைய பொருள்களையும் காக்கும். ஒவ்வொன்றின் பணியும் வேறு. ஒன்றைப் பொருத்திவிட்டு எல்லாம் காக்கப்பட்டதாக எண்ணுதல் தவறு. வசதி ஒன்றுக்கே இடம் தருமாயின், முதலில் ஆர்.சி.சி.பி.யையே பொருத்துங்கள். பல்பு போனால் வேறு வாங்கலாம்.

பியூஸ் போகிறதே என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பதும், ஈரக் கையுடன் பல்பு மாற்றுவதும், ஸ்விட்சை மட்டும் நிறுத்திவிட்டு ஹோல்டரைக் கழற்றுவதும் கைவிடத்தக்கவை. மெயினை நிறுத்தி, டெஸ்டரால் சோதித்து, உலர்ந்த மரப்பலகையின்மீது நின்றே பல்பு மாற்ற வேண்டும். வயரிங் வேலைக்குத் தகுதிச் சான்றிதழ் பெற்ற மின்கம்பியாளரையே அழைக்க வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவ்வனுபவத்திலிருந்து நம் சங்கங்களுக்கு மூன்று யோசனைகளைச் சமர்ப்பிக்கிறேன்.

முதலாவது, விற்பனைப் பதிவேட்டில் மாற்றிக் கொடுத்த பல்புக்கு எதிரே, அது எரிந்த தெரு, இடம், அழிந்த நாள் ஆகியவற்றையும் எழுதுதல். ஒரு வரி கூடுதல் உழைப்பு. ஒரு குடும்பத்தின் மானத்தை அது காப்பாற்றிற்று.

இரண்டாவது, சங்கச் செலவில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, அங்கத்தினர் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு முறையான பயிற்சி அளித்தல். அளப்பதே அவர் பணி, பழுது பார்ப்பதன்று.

மூன்றாவது, தனித்தனியே முறையிடாமல் சங்கத்தின் பேரில் முறையிடுதல். 'எங்கள் வீட்டில் பல்பு போகிறது' என்று ஒருவர் எழுதினால் அது ஒரு வீட்டுக் குறை. 'இன்ன கம்பத்துக்கு அப்பால் இத்தனை வீடுகளில், இன்ன தேதிகளில்' என்று சங்கம் எழுதினால் பணியாளருக்கு எந்தக் கம்பத்தில் ஏறுவது என்பதும் தெரிந்துவிடும். மலைப்பகுதிகளின் பெரும் பலநோக்குச் சங்கங்களை ஆங்கில முதலெழுத்துக்களைக் கூட்டி 'லாம்ப்' சங்கம் என்று மக்கள் அழைக்கின்றனர். பெயருக்கேற்ப விளக்குப் பணியையும் அவை மேற்கொள்ளலாம் அன்றோ?

அடுத்த மகாசபைக் கூட்டத்தில் என் அறிக்கை படிக்கப்பட்டது. நிறுத்தி வைத்த சம்பளத்தைத் திருப்பியளிக்கத் தீர்மானம் நிறைவேறியது. மனுவில் முதற் கையொப்பமிட்ட முதியவர் எழுந்து, தீர்மானத்தைத் தாமே முன்மொழிவதாகக் கூறினார். விற்பனையாளர் ஒன்றும் பேசவில்லை. பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதியிட்டு, வழக்கம்போல் எழுதத் தொடங்கினார்.

பல்பு போனால் பல்பைக் குறை கூறுவதும், விற்றவரைக் குறை கூறுவதும் எளிது. ஒரு விளக்கா, ஒரு வீடா, ஒரு தெருவா என்று கேட்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அப்பொறுமையை அங்கத்தினர்கள் யாவரும் கைக்கொள்வார்களாக. விளக்குகள் மலையேறாமல் நம் வீடுகளிலேயே நின்று எரியட்டும்.